ஒற்றைக்கால் ஸ்டாண்டா? வெறுங்கையா?



இந்தத் தாளின் ஓரத்தில் இரண்டு புகைப்படங்களை ஒட்டியிருக்கிறேன். இரண்டிலும் ஓடுவது ஒரே ஆள்தான், எங்கள் வகுப்பு மாணவி. முதல் படம், குறுவட்டப் போட்டியில் 800 மீட்டரில் அவள் முதலாவதாக வந்தபோது எடுத்தது. கிட்டப் போய்ப் பாருங்கள். யார் என்றே தெரியவில்லை, இல்லையா? அது என் தப்பு. அந்தத் தப்பிலிருந்து நான் கற்றுக்கொண்ட பாடம்தான் இந்தக் கட்டுரை.

நடந்தது என்ன?

என் சித்தப்பா கல்யாண வீடுகளுக்குப் போட்டோ எடுப்பவர். வேலை இல்லாத நாளில் ஏரிக்கரையில் உட்கார்ந்து பறவைகளைப் படம் பிடிப்பார். அதற்காக 150-600 மி.மீ. டெலி ஜூம் லென்ஸ் ஒன்று வைத்திருக்கிறார். போட்டிக்கு முதல் நாள் அதையும் பழைய கேமரா ஒன்றையும் என்னிடம் கொடுத்தார்.

"மோனோபாடையும் எடுத்துட்டுப் போடா" என்றார்.

"எதுக்கு சித்தப்பா? கையிலயே புடிச்சுக்குவேன்" என்றேன்.

லென்ஸ் சுமார் 2 கிலோ. கேமராவோடு சேர்த்தால் இரண்டே முக்கால் கிலோ. காலையில் பாரமாகவே தெரியவில்லை. ஈட்டி எறிதல், உயரம் தாண்டுதல், 100 மீட்டர் ஹீட்ஸ் என்று ஓடி ஓடி எடுத்தேன். மத்தியானத்துக்கு மேல் தோள் வலி ஆரம்பித்தது. 800 மீட்டர் இறுதி ஓட்டம் நடக்கும்போது வெயில் இறங்கிவிட்டது, கையும் நடுங்கியது. கடைசி வளைவில் இரண்டு பேரைத் தாண்டி அவள் வந்தாள். பட் பட்டென்று ஏழு படம் எடுத்தேன். ஏழும் இப்படித்தான் இருந்தன.

இரண்டு நாள் கழித்து அவள் அம்மா வேலை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டுமாம். கம்ப்யூட்டரில் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "மூஞ்சியே தெரியலையே தம்பி" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

பாடம் 1: கலங்கலில் இரண்டு வகை

சித்தப்பா அந்தப் படத்தைப் பெரிதாக்கி, "அவளைப் பாக்காத, தரையைப் பாரு" என்றார். தரையில் போட்ட சுண்ணாம்புக் கோடும் இரட்டையாகத் தெரிந்தது. பின்னால் நட்டிருந்த கம்பமும் கலங்கியிருந்தது. கோடும் கம்பமும் ஓடுமா? ஓடாது. அப்படியானால் ஆடியது கேமரா.

இதை எல்லோரும் நினைவில் வையுங்கள்.

அசையாத பொருளும் கலங்கியிருந்தால், கை நடுக்கம்.
அசையாத பொருள் தெளிவாக இருந்து, ஓடுபவர் மட்டும் கலங்கியிருந்தால், ஷட்டர் வேகம் போதவில்லை.

நோய் எது என்று தெரியாமல் மருந்து கொடுக்கக் கூடாது. மோனோபாட் முதல் நோய்க்கு மட்டுமே மருந்து.

பாடம் 2: டெலி லென்ஸில் ஏன் இவ்வளவு ஆட்டம்?

ராத்திரி ஒரு டார்ச் லைட்டை எடுங்கள். பக்கத்துச் சுவரில் அடித்துக் கையைத் துளி அசைத்தால் வெளிச்ச வட்டமும் துளிதான் நகரும். அதே அசைவில் தெருக்கோடிச் சுவரில் அடித்துப் பாருங்கள். வட்டம் துள்ளி ஓடும். தூரத்தில் உள்ளதைக் கிட்டே இழுத்துக் காட்டும் லென்ஸ், நம் கை நடுக்கத்தையும் சேர்த்தே பெரிதாக்குகிறது.

இதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. லென்ஸின் குவியத் தூரம் எத்தனை மி.மீ.யோ, ஒரு வினாடியை அத்தனை பங்காக்கி, அதில் ஒரு பங்காவது ஷட்டர் வேகம் இருக்க வேண்டும். நான் 400 மி.மீ.யில் எடுத்தேன். சித்தப்பாவின் கேமராவில் சென்சார் சிறியது. அதற்கு 1.5 ஆல் பெருக்க வேண்டும். 400 x 1.5 = 600. ஆகவே 1/600 வினாடியாவது வேண்டும். நான் வைத்திருந்தது 1/200! போதாததற்கு, லென்ஸில் நடுக்கத்தைக் குறைக்கும் பொத்தான் அணைந்திருந்ததை நாள் முழுக்க நான் கவனிக்கவே இல்லை.

பாடம் 3: மோனோபாட் என்ன செய்யும்?

மோனோபாட் என்பது ஒரே காலுள்ள ஸ்டாண்ட். நம் இரண்டு காலோடு அதையும் சேர்த்தால் மூன்று கால் ஆகிவிடும். ஆனால் தனியே விட்டால் விழுந்துவிடும்.

1. எடையைத் தரை வாங்கிக்கொள்ளும். சாயங்காலம் வரை கை சோராது.
2. மேலும் கீழுமான ஆட்டத்தை நன்றாகக் குறைக்கும்.
3. பக்கவாட்டில் தாராளமாகத் திரும்ப விடும். ஓடுபவரோடு சேர்ந்து கேமராவைத் திருப்புவது சுலபம்.
4. மூன்று கால் ஸ்டாண்டைப் போல இடத்தை அடைக்காது. தூக்கிக்கொண்டு அடுத்த இடத்துக்கு உடனே போகலாம்.

செய்யாதது ஒன்று உண்டு. ஓடுபவரை அது நிறுத்தாது. கணக்குப் போடுவோம். 800 மீட்டரை 2 நிமிடம் 40 வினாடியில் ஓடினால் வினாடிக்கு 5 மீட்டர். 1/200 வினாடியில் உடம்பு இரண்டரை சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். 1/1000 வினாடியில் அரை சென்டிமீட்டர்தான். வீசும் கையும் முன்னால் பாயும் காலும் உடம்பைவிட வேகம். எனவே ஸ்டாண்ட் இருந்தாலும் ஓட்டத்துக்கு 1/1000 பக்கம் போகப் பாருங்கள்.

வெளிச்சம் இல்லையே என்றால் ஐ.எஸ்.ஓ.வை ஏற்ற வேண்டும். நான் படம் புள்ளி புள்ளியாக வந்துவிடும் என்று பயந்து 800-லேயே வைத்திருந்தேன். 1600 வைத்திருந்தால் 1/400, 3200 வைத்திருந்தால் 1/800 கிடைத்திருக்கும். "புள்ளி இருந்தாலும் மூஞ்சி தெரியும்டா. கலங்குனா ஒண்ணுமே தெரியாது" என்றார் சித்தப்பா.

பாடம் 4: வெறுங்கை எப்போது நல்லது?

ஸ்டாண்டே எப்போதும் சரி என்று நினைக்காதீர்கள். நானும் அப்படி நினைத்து, அடுத்த வாரம் நம் மைதானத்தில் வாலிபால் பயிற்சிக்கு அதை மாட்டிக்கொண்டு நின்றேன். பந்து மேலே எழும்பியது, லென்ஸ் மேலே எழும்பவில்லை. ஸ்மாஷ் அடித்தவரின் இடுப்பு வரைதான் கிடைத்தது! மோனோபாடில் சட்டென்று மேல் நோக்குவது கஷ்டம். முழு உடம்பையும் சாய்க்க வேண்டும்.

வாலிபால், கூடைப்பந்து, கபடி போல ஆட்டம் கிட்டத்தில் நடந்து, நாம் குனிந்து நிமிர்ந்து நகர வேண்டியிருந்தால் வெறுங்கை நல்லது. லென்ஸும் 70-200 போலச் சிறியதாக இருந்தால் போதும். ஓட்டம், நீளம் தாண்டுதல், கிரிக்கெட், கால்பந்து என்று ஒரே இடத்தில் நின்று வெகுநேரம் தூரத்தைப் பார்க்க வேண்டியிருந்தால் மோனோபாட் நல்லது.

உங்களுக்குத் தெரியுமா?

டி.வி.யில் மைதான ஓரத்தில் பெரிய வெள்ளை லென்ஸோடு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். கேனான் நிறுவனத்தின் 400 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ் 1999-ல் வந்தபோது 5.37 கிலோ. 2011-ல் வந்தது 3.85 கிலோ. 2018-ல் வந்தது 2.84 கிலோ. இருபது வருடத்துக்குள் எடை ஏறக்குறைய பாதியாகிவிட்டது. எஸ்.எல்.ஆர். கேமராவுக்கு நடுக்கம் குறைக்கும் லென்ஸை அதே நிறுவனம் 1995-ல் கொண்டுவந்தது. இப்போது கேமராவுக்குள்ளேயே அந்த வசதி வந்துவிட்டது. அதனால் முன்பு ஸ்டாண்ட் இல்லாமல் முடியாத பல படங்களை இன்று கையிலேயே எடுக்கலாம். ஆனால் தோள் அதே தோள்தானே!

பிடிக்கும் முறை

மோனோபாடில்: பெரிய லென்ஸின் அடியில் ஒரு வளையமும் பாதமும் இருக்கும். திருகை அங்கேதான் மாட்ட வேண்டும், கேமராவின் அடியில் அல்ல. கேமராவில் மாட்டினால் லென்ஸின் பாரம் முன்னால் இழுக்கும். முதுகை வளைக்காமல் நின்றபடி கண் வைக்கும் உயரத்துக்குக் காலை நீட்டி, பூட்டுகளை இறுக்குங்கள். நம் கால்களை அகட்டி, கம்பியின் மேல் லேசாகச் சாயுங்கள்.

வெறுங்கையில்: இடது உள்ளங்கை லென்ஸின் அடியில். முழங்கைகள் விலாவோடு. கேமரா புருவத்தில் ஒட்டியிருக்கட்டும். பாதி மூச்சு விட்டு மெதுவாக அமுக்குங்கள். ஓட்டம் இல்லாத நேரத்தில் கேமராவைக் கீழே இறக்கிக் கைக்கு ஓய்வு கொடுங்கள். நான் அதைச் செய்யவில்லை.

இரண்டுக்கும் பொது: ஓடுபாதைக்குள் கம்பியை நீட்டாதீர்கள். நிறையப் பேர் வெறுங்காலில் ஓடுகிறார்கள். பி.இ.டி. சாரிடம் கேட்டு இடம் பிடியுங்கள்.

செய்து பாருங்கள்

ஸ்டாண்ட் வாங்கக் காசு இல்லையா? கேமராவின் அடியில் உள்ள துளைக்குக் கால் அங்குலத் திருகு பொருந்தும். அதில் ஒரு கயிற்றைக் கட்டி, மறு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு, கேமராவை மேல் நோக்கி இழுத்துப் பிடியுங்கள். கயிறு விறைப்பாக நிற்கும்போது ஆட்டம் குறையும். சின்ன கேமராவுக்கு இது போதும். 1/30-ல் கையிலும் கயிற்றிலும் பத்துப் பத்துப் படம் எடுத்து, கரும்பலகை எழுத்தைப் பெரிதாக்கி ஒப்பிடுங்கள்.

இரண்டாவது படம்

அது மாவட்டப் போட்டியில் எடுத்தது. மோனோபாட், 1/1000, ஐ.எஸ்.ஓ. 3200. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுகிறாள், நெற்றி வியர்வைகூடத் தெரிகிறது. அந்த ஓட்டத்தில் அவள் நான்காவதாக வந்தாள்.

படத்தைக் கொடுத்தபோது வாங்கிப் பார்த்துவிட்டு, "நாலாவதா வந்ததுக்குப் படம் இருக்கு. மொதலா வந்ததுக்குத்தான் இல்ல" என்று சிரித்தாள். அவள் அம்மா இதைத்தான் வீட்டில் மாட்டியிருக்கிறார்.

கேமரா மறுபடி கிடைக்கும், லென்ஸ் மறுபடி கிடைக்கும். அந்தக் கடைசி வளைவு மறுபடி கிடைக்காது. அடுத்த விளையாட்டு விழாவுக்குப் படம் எடுக்க விரும்புகிறவர்கள் மதிய இடைவேளையில் என்னிடம் வாருங்கள். சித்தப்பா மோனோபாடைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.