ஹீட்டர் ராடு எத்தனை வாட்? நீங்களே கணக்கிடலாம்

தண்ணீர் சுடவைக்கும் ஹீட்டர் ராடில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் அழிந்துவிட்டதா? கவலை வேண்டாம். மின்னழுத்தமும் (வோல்ட்டேஜ்) மின்னோட்டமும் (கரண்ட்) தெரிந்தால் ஒரு வகுத்தலில் மின்தடை கிடைக்கும். ஒரு பெருக்கலில் மின்திறன் கிடைக்கும்.

1. வோல்ட்டேஜை அளக்கவும்

மல்டிமீட்டரை ஏசி வோல்ட் அளவில், 230க்கு மேற்பட்ட வரம்பில் வைக்கவும். ராடு தண்ணீரில் மூழ்கிய பிறகே சுவிட்சைப் போடவும். ஓடும்போது தண்ணீரைத் தொடக் கூடாது. நம் வீடுகளில் 230 வோல்ட் என்பது பெயரளவுதான். ராடு ஓடும்போது இருக்கும் அளவே கணக்குக்கு வேண்டும்.

2. கரண்டை அளக்கவும்

இதற்கு கிளாம்ப் மீட்டர் வசதியானது. அதன் வாய்க்குள் ஒரே ஒரு கம்பி மட்டும் இருக்க வேண்டும். முழு ஒயரையும் கவ்வினால், போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் ஒன்றையொன்று ரத்து செய்து பூஜ்யம் காட்டும். ஒயரின் மேலுறையை நீங்களே கிழிக்காதீர்கள்; எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

230 வோல்ட், 6.5 ஆம்பியர் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம்.

3. மின்தடை

மின்தடை = மின்னழுத்தம் ÷ மின்னோட்டம்
230 ÷ 6.5 = 35.4 ஓம்

ஜெர்மானிய இயற்பியலாளர் ஜார்ஜ் ஓம் 1827இல் வெளியிட்ட விதி இது.

4. மின்திறன்

மின்திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம்
230 × 6.5 = 1,495 வாட்

ஆக, இது 1,500 வாட் ராடு.

5. சரிபார்க்கவும்

கரண்டை அதனாலேயே பெருக்கி, மின்தடையாலும் பெருக்குங்கள்: 6.5 × 6.5 × 35.4 = 1,496. ஒரு வாட் வேறுபாடு, தசமத்தைச் சுருக்கியதால் வந்தது.

சிறிய சுற்றுகளில் கரண்ட் மில்லிஆம்பியரில் இருக்கும். முதலில் 1,000ஆல் வகுக்கவும். 12 வோல்ட், 20 மில்லிஆம்பியர் என்றால் 12 ÷ 0.02 = 600 ஓம். மறந்தால் 0.6 ஓம் என்று தப்பான விடை வரும்.

விடையை வைத்து என்ன செய்வது?

பிளக்: 6.5 ஆம்பியர் இழுக்கும் ராடை 6 ஆம்பியர் பிளக்கில் செருகக் கூடாது. 16 ஆம்பியர் பவர் பிளக் வேண்டும்.

மின்கட்டணம்: 1,000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இந்த ராடு 40 நிமிடத்திலேயே ஒரு யூனிட்டை எடுத்துக்கொள்ளும்.

லோ வோல்ட்டேஜ்: மின்னழுத்தம் 180 வோல்ட்டுக்கு இறங்கினாலும் ராடின் தடை ஏறக்குறைய அதேதான். கரண்ட் 5.1 ஆம்பியராகவும், திறன் சுமார் 915 வாட்டாகவும் குறையும். வோல்ட்டேஜ் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் குறைந்தது; சூடோ ஐந்தில் இரண்டு பங்கு குறைந்துவிட்டது. தண்ணீர் சுட நேரமாவது அதனால்தான்.

எங்கே செல்லாது?

ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி போன்ற சூடாக்கும் சாதனங்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். ஃபேன், மிக்சி, மோட்டார் ஆகியவற்றில் பவர் ஃபேக்டரையும் சேர்த்துப் பெருக்கினால்தான் உண்மையான வாட் வரும். குண்டு பல்பை அணைத்து வைத்து ஓம் அளந்தால், எரியும்போது இருப்பதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் காட்டும். இழை சூடானால் தடை ஏறிவிடும்.

புதிதாக எந்தச் சூடாக்கும் சாதனம் வாங்கினாலும், அதன் வாட்டை 230ஆல் வகுத்துப் பாருங்கள். விடை 6ஐத் தாண்டினால் பவர் பிளக்கில் மட்டுமே செருகுங்கள்.