புதிய இயங்குதளமும் நம் தமிழும்

  

2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த வழக்கமான இலவசப் பாதுகாப்பு ஆதரவு முடிவுக்கு வந்தது. அதனை ஒட்டி, நியூ ஜெர்சியிலும் வளைகுடாப் பகுதியிலும் டெக்சாசிலும் வாழும் நம் குடும்பங்கள் பலவும், உலகெங்கும் உள்ள பிறரைப் போலவே, விண்டோஸ் 11-க்கு மாற வேண்டிய நிலை ஏற்பட்டது. 2021 அக்டோபரில் வெளிவந்த இப்புதிய தளம், டி.பி.எம். 2.0 எனப்படும் பாதுகாப்புச் சில்லும் 4 ஜிகாபைட் நினைவகமும் 64 ஜிகாபைட் சேமிப்பிடமும் வேண்டும் என வரையறுக்கிறது. ஆகவே, சிலர் பழைய கணினியையே மேம்படுத்திக்கொள்ள, சிலர் புதிய கணினி வாங்கவேண்டியதாயிற்று.

இத்தகைய மாற்றத்தில் நம் கண்ணுக்கு முதலில் படுவன சிறு சிறு இடமாற்றங்களே. ஆனால், எளிதில் கண்ணுக்குப் படாமல் நழுவிவிடுவது ஒன்று உண்டு. அது நம் தமிழ். அதனை நழுவவிடாமல் காக்கும் வழியை இக்கட்டுரையில் காண்போம்.

இயங்குதளம் என்பது யாது?

கணினியின் வன்பொருளுக்கும், நாம் பயன்படுத்தும் மென்பொருள்களுக்கும் இடையே நின்று பணிபுரியும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம் ஆகும். நாம் ஒரு விசையை அழுத்தினால், அது எந்த எழுத்து என முடிவுசெய்வதும், அவ்வெழுத்தின் வடிவைத் திரையில் வரைய உதவுவதும், கோப்பாகச் சேமிப்பதும் அதன் துணையோடுதான் நிகழ்கின்றன. எனவே, ஒரு கணினிக்குத் தமிழ் தெரியுமா என்னும் வினா, பெரும்பாலும் அதன் இயங்குதளத்திற்குத் தமிழ் தெரியுமா என்னும் வினாவே.

புது வீட்டிற்குக் குடிபோகும் இல்லத்தரசியார், அஞ்சறைப் பெட்டி எங்கே இருக்கவேண்டும் என்பதை முதல் நாளே முடிவுசெய்துவிடுவார். கைக்கு எட்டும் இடத்தில் அது இல்லையெனில் நாள்தோறும் சமையல் தடைப்படும். புதிய கணினியில் தமிழுக்கு உரிய இடமும் அவ்வாறே முதல் நாளே அமையவேண்டும்.

தமிழ் கணினிக்குள் புகுந்த வரலாறு

எழுதுபொருள் மாறும்போதெல்லாம் தமிழ் தன்னைத் தகவமைத்துக்கொண்டே வந்துள்ளது. ஓலைச்சுவடிகளில் புள்ளி இடாமலே எழுதும் வழக்கம் இருந்தது. எகரத்திற்கும் ஏகாரத்திற்கும் வடிவ வேறுபாடு காட்டும் முறையை வீரமாமுனிவர் 18-ஆம் நூற்றாண்டில் வகுத்தார். 1978-இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று, ணை, லை, ளை, னை முதலிய எழுத்துகளை இன்று நாம் எழுதும் வடிவில் நிலைநிறுத்தியது.

கணினியில் தமிழ் நுழைந்தபோது ஒரு நெருக்கடி எழுந்தது. அக்காலத்து எழுத்துருக்களில் 256 இடங்களே இருந்தன. அவற்றுள் முதற்பாதி ஆங்கிலத்திற்கு உரியது. எஞ்சிய 128 இடங்களில் தமிழின் 247 எழுத்துகளை அடக்குவது எங்ஙனம்? துணைக்கால், கொம்பு, சங்கிலிக்கொம்பு போன்றவற்றைத் தனித்தனியே வைத்து அறிஞர்கள் வழி கண்டனர். மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் அவர்களின் முரசு அஞ்சல், சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரம் அவர்களின் மயிலை ஆகியன அக்காலத்தில் பெரும்பணி ஆற்றின. எனினும், ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டு முறையைக் கொண்டிருந்தது. ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் படிக்க இயலவில்லை.

இந்நிலையை மாற்ற 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடைபெற்றது. அதன் பயனாகத் தமிழ் 99 என்னும் விசைப்பலகையும், டாம், டாப் என்னும் குறியீட்டு முறைகளும் தரப்படுத்தப்பட்டன. மற்றொரு புறம், 1991-இல் கலிபோர்னியாவில் பதிவுசெய்யப்பெற்ற யூனிகோடு சேர்த்தியம், உலக மொழிகள் அனைத்திற்கும் ஒரே குறியீட்டு முறையை வகுத்தது. அம்முறையில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட தனிப்பகுதி ஒதுக்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 2000 இயங்குதளம், லதா என்னும் எழுத்துருவோடு யூனிகோடு தமிழுக்கு இடம் தந்தது. 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி.யிலோ, குறுந்தகட்டை இட்டுச் சில கோப்புகளைத் தனியே நிறுவினால்தான் தமிழ் செம்மையாகத் தெரிந்தது. தட்டெழுதுவதற்கு முரசு அஞ்சல், இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற மென்பொருள்களைப் பலர் நாடினர். 2019 மே மாத மேம்பாட்டின் மூலம் விண்டோஸ் 10-இல் தமிழ் 99 விசைப்பலகையே உள்ளமைந்து வந்தது. ஐபோனில் 2013-இல் வந்த ஐ.ஓ.எஸ். 7 முதல் தமிழ் 99, அஞ்சல் ஆகிய இரு விசைப்பலகைகளும் உள்ளன.

இவ்வரலாற்றால் நாம் அறிவது யாது? இன்று தமிழைக் கணினிக்குள் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை; இயங்குதளத்தை ஆக்கியோரே அதற்கு இடம் வைத்துள்ளனர். ஆயினும், அமெரிக்கக் கடையில் வாங்கும் கணினி ஆங்கிலத்திற்கென அமைக்கப்பட்டே வருகிறது. தமிழை அழைத்து அமர்த்துவது நம் பொறுப்பு.

முதல் நாள் செய்யவேண்டியவை

முதலாவதாக, மாறுவதற்கு முன்னரே பழைய கணினியில் உள்ள தமிழ்க் கோப்புகளையும் எழுத்துருக்களையும் வெளி வட்டு ஒன்றில் படியெடுத்து வைத்துக்கொள்ளவேண்டும். பழைய கணினியையே மேம்படுத்துவோருக்குப் பெரும்பாலான அமைப்புகள் அப்படியே தொடரும். எனினும் படி ஒன்று இருத்தல் நலம். புதுக் கணினி வாங்குவோருக்கு எல்லாம் தானே வந்து சேராது.

இரண்டாவதாக, மொழியைச் சேர்த்தல். 'செட்டிங்ஸ்' பகுதியில் 'டைம் அண்ட் லாங்வேஜ்', அதனுள் 'லாங்வேஜ் அண்ட் ரீஜன்' என்னும் பிரிவுக்குச் சென்று, 'ஆட் எ லாங்வேஜ்' என்பதை அழுத்தித் தமிழைத் தேர்ந்தெடுக்கவேண்டும். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எனத் தமிழ் நான்கு நாடுகளின் பெயரோடும் அங்கே நிற்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். நம் மொழி எத்துணை நாடுகளில் வாழ்கிறது என்பதை அப்பட்டியலே கற்பிக்கும்.

மூன்றாவதாக, விசைப்பலகை. சேர்த்த மொழியின் அருகே உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, 'லாங்வேஜ் ஆப்ஷன்ஸ்' வழியாகத் தமிழ் 99-ஐயோ ஒலிபெயர்ப்புப் பலகையையோ சேர்த்துக்கொள்ளலாம். பின்னர், விண்டோஸ் விசையுடன் இடைவெளிப் பட்டையை அழுத்தினால் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும், தமிழிலிருந்து ஆங்கிலத்திற்கும் நொடியில் மாறலாம்.

நான்காவதாக, எழுத்துரு. லதா, விஜயா ஆகிய பழைய எழுத்துருக்கள் விண்டோஸ் 10 முதல் விருப்பத் துணைக்கூறாகப் பிரித்து வைக்கப்பட்டுள்ளன. நிர்மலா என்னும் எழுத்துருவே எப்போதும் உடன் இருப்பது. லதாவில் எழுதிய பழைய பாடக்குறிப்பு புதுக் கணினியில் வேறு தோற்றத்தில் தெரிந்தால் அஞ்சவேண்டா. எழுத்துகள் அழியவில்லை, உடை மாறியுள்ளது. 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' பகுதியில் தமிழுக்குரிய கூடுதல் எழுத்துருக்களை நிறுவினால் பழைய தோற்றம் திரும்பும்.

ஐந்தாவதாக, பழகிய வசதிகள். நடுவில் உள்ள தொடக்கப் பொத்தானை இடப்புறம் கொண்டுவர, 'பெர்சனலைசேஷன்', 'டாஸ்க்பார்' என்னும் பிரிவுகளில் வழி உண்டு. வலச்சொடுக்கில் பழைய பட்டியல் வேண்டின் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' என்பதை அழுத்தவேண்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டிக்காக 'ஆக்செசிபிலிட்டி' பகுதியில் எழுத்தின் அளவை 225 விழுக்காடு வரை பெரிதாக்கலாம்.

தமிழ் 99: ஒரு சிறு பாடம்

இவ்விசைப்பலகையில் உயிர் எழுத்துகள் இடக்கைப் பக்கமும், மெய்வரிசை எழுத்துகளில் பெரும்பாலானவை வலக்கைப் பக்கமும் உள்ளன. மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் ஆகும் என நாம் வகுப்பில் கற்ற இலக்கணமே இங்குத் தட்டெழுத்து முறையாக அமைந்துள்ளது. 'க' விசையை அழுத்திப் பின் 'இ' விசையை அழுத்தினால் 'கி' தோன்றும்.

ஒரே எழுத்தை இருமுறை அழுத்தினால் முன்னதற்குப் புள்ளி தானே விழும். 'அம்மா' என எழுத அ, ம, ம, ஆ என்னும் நான்கு விசைகள் போதும். இன எழுத்துகளான ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற ஆகியவை அடுத்தடுத்து வரினும் மெல்லெழுத்து தானே புள்ளி பெறும். புள்ளி தானே விழக்கூடாத இடத்தில் நடுவில் 'அ' விசையை அழுத்தவேண்டும். 'பப்பாளி' என்னும் சொல்லுக்கு ப, அ, ப, ப, ஆ, ள, இ என அழுத்துக. தமிழில் மெய்ம்மயக்கம் எவ்வாறு நிகழ்கிறது என்பதை விரல்களே கற்றுக்கொள்ளும் நல்வாய்ப்பு இது.

மற்றொரு விந்தையும் காண்க. 'தமிழ்' என்னும் சொல்லில் எழுத்துகள் மூன்று. ஆனால் யூனிகோடு முறையில் கணினி அதனை த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகளாகச் சேமிக்கிறது. அதனால்தான் பின்னோக்கி அழிக்கும் விசையை ஒருமுறை அழுத்தினால் 'ழ்' முழுதும் மறையாமல் புள்ளி மட்டும் நீங்கி 'தமிழ' என நிற்கிறது. இது கணினியின் பிழையன்று. நம் எழுத்தின் கட்டமைப்பு வெளிப்படும் இடம்.

பழைய கோப்புகளைக் காப்போம்

யூனிகோடுக்கு முன் பழைய எழுத்துருக்களில் தட்டெழுதிய கடிதங்கள், நாடகங்கள், விழா மலர்கள் நம்மில் பலர் வீட்டில் இருக்கக்கூடும். புதிய கணினியில் அவற்றைத் திறந்தால் பொருளற்ற உரோமன் எழுத்துகளே தென்படும். உரிய எழுத்துரு இல்லாததே காரணம். அந்த எழுத்துரு கைவசம் இருப்பின் நிறுவிப் படிக்கலாம். ஆயினும் நிலையான தீர்வு, குறிமாற்றி மென்பொருள் கொண்டு அவற்றை யூனிகோடுக்கு மாற்றுவதே.

இங்கு ஒன்றைக் கவனிக்கவேண்டும். பழைய முறைகளில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் முதலில் கொம்பும் பின் 'க'வும் வைத்துக் 'கெ' எழுதினர். யூனிகோடிலோ முதலில் 'க', பிறகே கொம்பு. அதனைத் திரையில் முன்னே காட்டுவது இயங்குதளத்தின் பணி. ஆகவே, குறிமாற்றி எழுத்துகளை மாற்றுவதோடு வரிசையையும் திருத்தவேண்டும். மாற்றிய பின் கொம்புள்ள எழுத்துகளை ஒருமுறை படித்துச் சரிபார்ப்பது இன்றியமையாதது.

ஓலைச்சுவடியிலிருந்து அச்சுக்கு மாறிய காலத்தில் சி.வை. தாமோதரம் பிள்ளை, உ.வே. சாமிநாதையர் போன்ற பெருமக்கள் முயன்றிராவிடில் நம் நூல்கள் பல மறைந்திருக்கும். சீவக சிந்தாமணி 1887-இல் அச்சேறியது அத்தகைய உழைப்பால். ஒரு பாட்டனார் பேரனுக்கு எழுதிய கடிதம் காப்பியம் அன்று. ஆயினும், அக்குடும்பத்திற்கு அதற்கு ஈடான வேறு படி உலகில் இல்லை. அதைக் காக்கும் கடமை அவ்வீட்டாருடையதே.

பெற்றோர்க்கு ஒரு சொல்

பிள்ளைகள் வாரத்தில் சில மணி நேரமே தமிழ்ப் பள்ளியில் இருக்கின்றனர். கணினியின் முன்னோ நாள்தோறும் அமர்கின்றனர். அக்கணினியில் தமிழ் விசைப்பலகை இல்லையெனில், தமிழ் என்பது தாளில் மட்டும் எழுதப்படும் மொழி என்னும் எண்ணம் அவர்கள் உள்ளத்தில் ஊன்றிவிடும். பாட்டிக்கு அனுப்பும் வாழ்த்தும் ஆங்கில எழுத்தில் தமிழ் ஒலியாகவே போய்ச்சேரும். மேற்கூறிய அமைப்புகளைச் செய்ய அரை மணி நேரம் போதும். பிள்ளைகளையே உடன் அமர்த்தி, அவர்கள் கையாலேயே செய்யச் சொல்லுங்கள்.

பயிற்சி

1. 'பொங்கல்' என்னும் சொல்லில் எழுத்துகள் எத்தனை? யூனிகோடு குறிகள் எத்தனை? தமிழ் 99 முறையில் அழுத்தவேண்டிய விசைகள் எத்தனை? (விடை: 4, 7, 6.)

2. 'தங்கம்', 'கன்று', 'பந்து' ஆகிய சொற்களில் எவ்வெழுத்திற்குப் புள்ளி தானே விழும்? எதற்கு நாம் இடவேண்டும்?

3. உங்கள் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ ஐந்து வரிகளில் தமிழில் மின்னஞ்சல் ஒன்று தட்டெழுதி அனுப்புக. அவர்கள் எழுதும் மறுமொழியைச் சேமித்து வைக்க.

விண்டோஸ் 11-உம் ஒருநாள் பழையதாகும். அன்று வரும் புதிய தளத்தில் தமிழை அமர்த்தப்போகிறவர்கள் இன்றைய மாணவர்களாகிய நீங்களே. இன்றே கற்றுக்கொள்ளுங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க இளந்தலைமுறை!