காக்கையும் பனம்பழமும்: கணினி பழுதுபார்க்கும் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

பிறர் கடையில் கைவேலை பழகியது போதும் என்று துணிந்து, கணினி பழுதுபார்க்கும் தொழிலையே சொந்த ஜீவனமாக ஏற்றுக்கொண்டு தனிக் கடை திறந்திருக்கிறாய் என்று அறிந்து மனம் நிறைந்தேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துபோனதால் 11-க்கு மாற்றித் தரும்படி கேட்டு வருகிறவர்கள் பெருகிவிட்டார்கள் என்றும், மாற்றிக் கொடுத்த மறுநாளே “சவுண்டு வரவில்லை”, “பிரிண்டர் எடுக்கவில்லை”, “வைஃபை காணோம்” என்று அவர்களில் சிலர் திரும்பி வருகிறார்கள் என்றும், அந்த வேளையில் எதைத் தொடுவது எதை விடுவது என்று கை தடுமாறுகிறது என்றும் எழுதியிருந்தாய். இதே போன்ற மேஜையின் முன் நெடுங்காலம் உட்கார்ந்து, சரியாகச் செய்தவற்றை விடத் தவறாகச் செய்தவற்றால் அதிகம் கற்றுக்கொண்டவன் என்ற உரிமையில் உனக்குப் பதில் எழுதுகிறேன். உன் போன்ற மற்றப் பிள்ளைகளுக்கும் பயன்படட்டும் என்று பகிரங்கமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தை மனத்தில் ஊன்றிக்கொள். விண்டோஸ் பிரிண்டரோடு நேராகப் பேசுவதில்லை. இரண்டுக்கும் நடுவே டிரைவர் என்ற துபாஷி ஒருவன் நிற்கிறான். சென்னைப் பட்டணத்தில் கம்பெனியார் காலத்தில், துரைக்கும் ஊர் வியாபாரிக்கும் நடுவே நின்று இரு பாஷையிலும் பேசிக் காரியத்தை முடித்துக் கொடுத்தவனைத் துபாஷி என்று அழைத்தார்கள் அல்லவா, அவன் செய்த வேலையைத்தான் இந்தச் சிறு நிரலும் செய்கிறது. பழைய துரை கப்பலேறிப் போய், வேறு பாஷை பேசும் புதிய துரை வந்து உட்கார்ந்தால், பழைய துபாஷி வாய் திறந்தும் பயனில்லை. வியாபாரி ஊமையாகிவிட்டான் என்று துரை நினைப்பார், துரை செவிடாகிவிட்டார் என்று வியாபாரி நினைப்பான். உண்மையில் இருவரிடமும் ஒரு குறையும் இல்லை. 2007-ல் விண்டோஸ் விஸ்டா வந்தபோது நடந்தது இதுதான்: திரைக்கும் ஒலிக்கும் உரிய டிரைவர் முறையையே அது புதிதாக அமைத்துக்கொண்டதால், எக்ஸ்பியில் ஆண்டுக்கணக்காக உழைத்த சாதனங்கள் பல ஒரே நாளில் வாயடைத்துப் போயின. 32 பிட்டை விட்டு 64 பிட்டுக்கு மாறியவர்களுக்கும் அதே கதிதான் நேர்ந்தது; 64 பிட் விண்டோஸ் 32 பிட் டிரைவரை வாசற்படி ஏறவிடுவதில்லை.

இதை நான் படித்து அறியவில்லை; ஒரு பிழை செய்து அறிந்தேன். 2010-ஆம் ஆண்டு வாக்கில், பத்திரம் எழுதுவோர் நிறைந்த ஒரு தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவருக்கு, எக்ஸ்பியை எடுத்துவிட்டு 64 பிட் விண்டோஸ் 7 போட்டுக் கொடுத்தேன். மறுநாள் ஸ்கேனர் வேலை செய்யவில்லை என்று ஆள் அனுப்பினார். போய்ச் சொருகிப் பார்த்தேன். விளக்கு எரியவில்லை, டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் நின்றது. பத்து நிமிஷத்துக்குள், “போர்டு போய்விட்டது ஐயா, புதிதுதான் வாங்க வேண்டும்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அவர் மறுவார்த்தை பேசாமல் புதியது வாங்கினார்; பழையதை, “உனக்கு உதவினால் வைத்துக்கொள்” என்று என்னிடமே கொடுத்துவிட்டார். சில மாதங்கள் கழித்து, கடையின் மூலையில் கிடந்த எக்ஸ்பி கணினி ஒன்றில் அதைச் சொருக நேர்ந்தது. கண்ணாடிக்கு அடியில் வெள்ளை ஒளிக்கோடு ஒன்று எழுந்து, மெல்ல முனகிக்கொண்டே இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நகர்ந்து திரும்பிற்று. நான் வைத்த ரேஷன் கார்டின் ஒவ்வோர் எழுத்தும், மடிப்பில் படிந்த அழுக்குக் கோடு உட்பட, திரையில் துலக்கமாக விழுந்தது. அந்த மாடலுக்கு 64 பிட் டிரைவரை அதைத் தயாரித்தவர்கள் வெளியிடவே இல்லை, விஷயம் அவ்வளவுதான். குற்றமற்ற ஒரு சாதனத்துக்கு மரண தண்டனை விதித்து, அதன் செலவையும் ஒரு முதியவர் தலையில் கட்டியிருந்தேன். மறுநாளே அவரிடம் போய் உண்மையைச் சொல்லி, வாங்கிய கூலியை நீட்டினேன். அவர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. “அடுத்தவனுக்காவது பார்த்துச் சொல்லுப்பா” என்றார். அந்த ஒரு வாக்கியத்தை விரித்துச் சொல்வதே இந்தக் கடிதத்தின் நோக்கம்.

காகதாலீய நியாயம் என்று நம் பெரியோர் ஒன்று சொல்வார்கள். காக்கை வந்து பனைமரத்தில் உட்கார்ந்தது, அந்தக் கணத்தில் பழம் விழுந்தது. காக்கையின் கனத்தால்தான் விழுந்தது என்று கொள்வது பேதைமை. விண்டோஸ் மாற்றிய பிறகு வந்த கோளாறு, மாற்றியதால் வந்த கோளாறு என்று வாடிக்கையாளர் எண்ணுவார். பேசாத சாதனம் செத்த சாதனம் என்று நீ எண்ணுவாய். இரண்டும் பிரமாணம் இல்லாத அனுமானமே. இதிலிருந்து தப்புவதற்குத் தர்க்க சாஸ்திரத்தார் அன்வயம், வியதிரேகம் என்று இரண்டு வழி வகுத்து வைத்தார்கள். காரணம் இருக்கும் இடத்தில் காரியமும் இருக்கிறதா என்று பார்ப்பது முன்னது; காரணத்தை நீக்கினால் காரியமும் நீங்குகிறதா என்று பார்ப்பது பின்னது. ஸ்க்ரூ டிரைவரும் மல்டிமீட்டரும் வருவதற்கு முன்பே நம் தொழிலுக்குச் செய்து வைக்கப்பட்ட கருவிகள் இவை என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

கிரமமாகத் தொடங்கு. “ஷட் டவுன் பண்ணித் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டேன்” என்று வருகிறவர் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற ஏற்பாட்டினால், ஷட் டவுன் கொடுத்தாலும் கெர்னலும் டிரைவர்களும் இருந்த நிலையிலேயே வட்டில் உறங்கவைக்கப்பட்டு, மறுபடி போடும்போது அதே நிலையில் எழுந்து வருகின்றன. நேற்றைய பிணக்கும் அவற்றோடு எழுந்து வருகிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து அப்டைம் என்ற இடத்தைப் பார். இரவுதோறும் அணைக்கப்பட்ட கணினி ஒன்பது நாளாக ஓடிக்கொண்டிருப்பதாக அது சொல்லும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் கெர்னலும் டிரைவர்களும் முற்றிலும் புதிதாகத் தொடங்கும். இந்த ஒரே செய்கையால் தீர்ந்துபோன உபாதைகள் எத்தனையோ.

தீரவில்லையென்றால் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, முக்கோணத்தைக் கண்டு திகைக்காமல், அதன் மேல் இருமுறை தட்டி உள்ளே எழுதியிருக்கும் எண்ணைப் படி. 28 என்றால் துபாஷியே வரவில்லை. 10 என்றால் வந்திருக்கிறான், வேலையைத் தொடங்க முடியவில்லை. 43 என்றால் பழுது என்று அறிவிப்பு வந்ததால் விண்டோஸ் அதை நிறுத்தி வைத்திருக்கிறது. 43-ஐக் கண்டால் சாதனத்தின் மேல் சந்தேகத்துக்குச் சிறிது இடம் உண்டு. கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பார்க்கும் வரையில் அதுவும் சந்தேகம் மட்டுமே. பெயர் தெரியாத சாதனமாக நின்றால் ஹார்டுவேர் ஐடியைப் பார். அதில் தயாரித்தவரின் எண் பொறித்திருக்கும். 8086 என்று இருந்தால் அது இன்டெல். 1978-ல் அவர்கள் வெளியிட்டு, இன்றைய விண்டோஸ் கணினிகளில் பெரும்பாலானவற்றுக்கு மூதாதையாக நின்ற பிராசஸரின் பெயரையே தங்கள் அடையாள எண்ணாக வைத்துக்கொண்டார்கள். 1002 என்றால் ஏ.எம்.டி. குலமும் கோத்திரமும் தெரிந்த பிறகு, உரிய டிரைவரை அந்த லேப்டாப்பின் மாடலைக் கொண்டு, தயாரித்தவர்களின் தளத்திலிருந்தே எடு; எல்லாக் கணினிக்கும் ஒரே மூட்டையில் டிரைவர் தருவதாகச் சொல்லும் இலவசப் பொதிகளை நாடாதே, வேண்டாத சரக்கும் அவற்றோடு வந்து சேரும். இன்டெல் 11-ஆம் தலைமுறை லேப்டாப் சிலவற்றில் விண்டோஸைப் புதிதாக ஏற்றும்போது எஸ்.எஸ்.டி. கண்ணுக்கே தெரியாது, அது போய்விட்டது என்று கைவிரித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதற்குரிய ஸ்டோரேஜ் டிரைவரைப் பென் டிரைவிலிருந்து கொடுத்தால், இல்லாதது போல் இருந்த வட்டு அடுத்த கணமே வந்து நிற்கும்.

இனி வியதிரேகத்துக்கு வருகிறேன். உபுண்டு ஏற்றிய பென் டிரைவ் ஒன்று உன் மேஜை டிராயரில் எப்போதும் இருக்கட்டும். வாடிக்கையாளரின் வட்டில் எதையும் எழுதாமல், அந்தப் பென் டிரைவிலிருந்தே கணினியை எழுப்பி, ஸ்பீக்கர் பேசுகிறதா, வைஃபை தெரிகிறதா என்று பார்க்கலாம். விண்டோஸை நீக்கினோம், கோளாறும் நீங்கியதா என்பதே கேள்வி. அங்கே பேசினால் சாதனத்துக்கு உயிர் உண்டு என்பது நிச்சயம். ஆனால் அங்கே பேசாவிட்டால் உயிர் இல்லை என்பது நிச்சயமன்று, தம்பி. லினக்ஸுக்கும் அந்தச் சாதனத்தின் பாஷை தெரியாமல் இருக்கலாம். உயிரோடிருப்பதை ஒரே சோதனையில் நிரூபித்துவிடலாம், செத்துப்போனதை அப்படி நிரூபிக்க முடியாது என்ற இந்தப் பேதத்தை நீ மறவாமல் இருந்தால், என் கையால் நடந்த அநியாயம் உன் கையால் நடக்காது.

அண்மையில் நெல் மண்டிக்காரர் ஒருவர், விண்டோஸ் 11 போட்ட பிறகு எலக்ட்ரானிக் தராசின் எடை பில்லில் ஏறவில்லை என்று அழைத்தார். தராசை மாற்றியே ஆகவேண்டும் என்று ஒருவர் முன்னமே சொல்லிப் போயிருந்தார். நான் தராசைத் தொடவில்லை. அதற்கும் கணினிக்கும் நடுவே யூஎஸ்பியைச் சீரியலாக மாற்றும் சிறு கேபிள் ஒன்று இருந்தது, அதைத்தான் டிவைஸ் மேனேஜரில் தேடினேன். முக்கோணத்துக்குப் பக்கத்தில் சாதனத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், இந்தச் சிப் 2012 முதல் கைவிடப்பட்டது, விற்றவரை அணுகவும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. பழைய சிப்பைப் புதிய டிரைவர் தெரிந்தே ஒதுக்குகிறது என்பது விளங்கிற்று. பட்டியலிலிருந்து முந்தைய பதிப்பு டிரைவரைத் தேர்ந்தெடுத்தவுடன் முக்கோணம் மறைந்தது. ஐந்து கிலோ எடைக்கல்லைத் தராசில் வைத்தேன். பில் திரையில் 5.000 என்று வந்து நின்றது. விண்டோஸ் அப்டேட் புதிய டிரைவரை மறுபடி கொண்டுவரக்கூடும், ஆகையால் சௌகரியப்பட்டபோது கேபிளை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

காக்கை எப்போதும் நிரபராதி என்றும் சொல்லமாட்டேன், பழம் எப்போதும் பழுத்தே விழுகிறது என்றும் சொல்லமாட்டேன். மாதக்கணக்காக நலிந்து வந்த ஹார்டு டிஸ்க், பல ஜி.பி. எழுதிப் படிக்கும் இந்த மாற்றத்தின் சுமையைத் தாங்காமல், உன் மேஜையின் மேலேயே படுத்துவிடுவதும் உண்டு. பழி உன் மேல் விழும். அதனால் வேலையைத் தொடுமுன், வட்டு தன் நலம் பற்றித் தரும் ஸ்மார்ட் அறிக்கையில் 5-ஆம் எண்ணையும் 197-ஆம் எண்ணையும் பார். மாற்றிடம் தரப்பட்ட செக்டார்களும், படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டார்களும் அங்கே கணக்காகும். அவற்றில் பூஜ்யமல்லாத எண் இருந்தால் அதை வாடிக்கையாளர் கண்ணில் காட்டி, பேக்கப் எடுத்த பிறகே மேலே போ. இன்னொன்று: விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லை என்று காட்டும் கணினிகள் பலவற்றில் அது பயாஸில் அணைந்து கிடக்கிறது, இன்டெலில் பி.டி.டி. என்றும் ஏ.எம்.டி.யில் எஃப்.டி.பி.எம். என்றும் அதற்குப் பெயர். பிராசஸரும் தகுதியானதா என்று பார்த்த பிறகே, முடியாது என்று சொல். ஆனால் பயாஸில் கை வைக்குமுன், வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இருக்கிறதா என்று பார்த்து அதை நிறுத்தி வை. இல்லையேல் கணினி 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கும், அது கிடைக்காவிட்டால் அந்தக் குடும்பத்தின் கல்யாணப் படங்களும் பிள்ளையின் ப்ராஜெக்ட்டும் உள்ளேயே அடைபட்டுப் போகும். மாற்றிய பிறகு பழைய விண்டோஸுக்குத் திரும்ப வழக்கமாகப் பத்து நாள் அவகாசம் உண்டு. இடம் அடைக்கிறது என்று விண்டோஸ் ஓல்டு கோப்புறையை அதற்குள் அழித்து, திரும்பும் பாதையை நீயே அடைத்துவிடாதே.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மாற்றியதை நோட்டில் எழுது. மூன்றை ஒருங்கே மாற்றிக் குணம் கண்டவனுக்கு வேலை முடிந்திருக்கும், ஞானம் கிடைத்திராது. டிரைவரே கிடைக்காத பழைய ஸ்கேனருக்கும் வழி உண்டு: வியூஸ்கேன் போன்ற பொது மென்பொருள் அதனோடு பேசக்கூடும், அல்லது இணையம் தராத பழைய கணினி ஒன்றில் அது தன் காலத்தைக் கழிக்கலாம். எல்லாம் பார்த்தும் செத்தது செத்ததுதான் என்று தெரிந்தால், அதையும் தயங்காமல் சொல். சோதித்துச் சொல்லும் கசப்பான செய்தியை மனிதர்கள் ஏற்றுக்கொள்வார்கள்.

அந்த ஸ்கேனர் இன்றும் என் அலமாரியின் மேல் தட்டில் இருக்கிறது. யாராவது பிரிண்டரையோ லேப்டாப்பையோ மேஜையில் வைத்து, முகம் வாடி, “போயிடுச்சா?” என்று கேட்கும்போதெல்லாம், பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டாலும் என் கண் ஒருமுறை அங்கே போய்த் திரும்புகிறது. பிறகு நான் சொல்வது ஒன்றுதான், நீயும் அதையே சொல்லிப் பழகு: “உட்காருங்கள், பார்த்துச் சொல்கிறேன்.”

இப்படிக்கு,
உன் நலம் நாடும்
அண்ணன்