அவிழ்த்து விட்டால் பிழைத்துக்கொள்ளுமா?

மழை எச்சரிக்கை வந்தால் போதும், எனக்கு இந்தப் போன் வந்துவிடும். "டாக்டர், வாயில்லா ஜீவனுக்கு முன்னாடியே தெரிஞ்சிடுமாமே? கதவைத் திறந்துவிட்டா அதுவே மேடு பார்த்துப் போயிடும்னு சொல்றாங்களே?" ஷார்ஜாவில் கேட்கிறார்கள், அஜ்மானில் கேட்கிறார்கள், மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டும் கேட்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான்: திறக்காதீர்கள்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று தெரியும். 2004 சுனாமிக்குப் பிறகு, இலங்கையின் யால சரணாலயத்தில் விலங்குகளின் சடலங்கள் அதிகம் இல்லை, யானைகள் முன்பே அறிந்து ஓடிவிட்டன என்று செய்தி பரவியது. அதே யாலவில் அந்த நேரத்தில் செயற்கைக்கோள் பட்டை கட்டிய யானைகள் நடமாடிக்கொண்டிருந்தன. அவற்றின் நடமாட்டப் பதிவை ஆராய்ந்த கட்டுரை 2006இல் 'பயோட்ராபிகா' இதழில் வந்தது. அலை வருமுன் அவை கரையை விட்டு ஓடியதற்கான தடயம் அதில் இல்லை. யாலக் கதையைச் சொல்பவர்கள் இந்தக் கட்டுரையைச் சொல்வதில்லை. நாகப்பட்டினம் கரையில் ஆடுமாடுகள் மனிதர்களோடு சேர்ந்து மாண்டதையும் சொல்வதில்லை.

நாய்க்குக் கூர்மையான காது உண்டு, மறுக்கவில்லை. நம் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. நாய் 40,000க்கு மேலும் கேட்கும். தொலைவில் முழங்கும் இடியை நமக்கு முன்பே கேட்டு அது நடுங்கலாம். ஆனால் நடுங்குவது வேறு, எந்தத் தெரு மேடு என்று தெரிவது வேறு. பயந்த நாய் திசை பார்த்து ஓடாது. சத்தத்திலிருந்து விலகி ஓடும். தண்ணீர் மோப்பத்தைக் கழுவிவிட்டபின் அதற்குத் திரும்பும் வழியும் இல்லை. பூனை இன்னும் மோசம். பயந்தால் அது ஓடுவதில்லை, ஒளியும். வீட்டுக்குள் என்றால் கட்டிலுக்கடியில். வெளியே விட்டால் காருக்கடியில், பேஸ்மென்ட் பார்க்கிங்கில். நம் ஊர் மழையில் முதலில் நிரம்புவது அந்த பேஸ்மென்ட்தான்.

2024 ஏப்ரல் 16ஐ மறந்திருக்க மாட்டீர்கள். 1949இல் பதிவுகள் தொடங்கியதிலிருந்து அமீரகம் காணாத மழை. அல் ஐன் பகுதியின் கத்ம் அல் ஷக்லாவில் 24 மணி நேரத்துக்குள் 254.8 மில்லிமீட்டர். துபாய்க்கு ஓர் ஆண்டு முழுவதும் சராசரியாகக் கிடைப்பது 100 மில்லிமீட்டருக்கும் குறைவு. அந்த வெள்ளத்தில் மூழ்கிய கார் ஒன்றின் கதவுக் கைப்பிடியைக் கட்டிப்பிடித்துத் தொங்கிய பூனையை துபாய் போலீஸார் படகில் வந்து தூக்கிய காணொளியை உலகமே பார்த்தது. "எவ்வளவு அழகு" என்று அதைப் பகிர்ந்தவர்களே என்னிடம் கதவைத் திறந்துவிடலாமா என்று கேட்கிறார்கள். அந்தப் பூனைக்கு முன்பே தெரிந்திருந்தால் அது ஏன் கைப்பிடியில் தொங்க வேண்டும்?

இந்தத் தவறான பேச்சில் ஒரு நல்ல அறிவுரை சிதைந்து கிடக்கிறது. கட்டிப்போட்டுவிட்டு, கூண்டில் பூட்டிவிட்டுக் கிளம்பாதீர்கள் என்று நாங்கள் காலங்காலமாகச் சொல்கிறோம். சங்கிலியில் கட்டிய நாய் நின்ற இடத்திலேயே மூழ்கும். அதைக் கேட்டுத் தெருவில் விடலாம் என்று பொருள் கொண்டால் எப்படி? கூட்டிக்கொண்டு போங்கள் என்பதுதான் பொருள். 2005இல் அமெரிக்காவில் கத்ரீனா புயலின்போது நாய் பூனைகளுக்கு இடமில்லை என்று மீட்பு முகாம்கள் கைவிரித்தன. அவற்றை விட்டு வர மனமில்லாமல் பலர் வெள்ளத்திலேயே தங்கிவிட்டார்கள். அடுத்த ஆண்டே, வெளியேற்றத் திட்டங்களில் வளர்ப்புப் பிராணிகளையும் சேர்க்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. இங்கே தெருவில் அவிழ்த்துவிடுவது சட்டப்படியும் தவறு: 2016ஆம் ஆண்டின் 22ஆம் எண் கூட்டாட்சிச் சட்டப்படி பொது இடத்தில் நாய் வாரில்தான் இருக்க வேண்டும். மழை பெய்தால் அந்த விதி கரைந்துவிடாது.

முன்கூட்டியே தெரிந்துகொள்ளும் வசதி நமக்குத்தான் இருக்கிறது. வானிலை மையத்தின் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகள் கைபேசிக்கே வருகின்றன. ஆரஞ்சைப் பார்த்ததும் பூனைக் கேரியரைப் பரணிலிருந்து இறக்குங்கள். உள்ளே உங்கள் பழைய சட்டை ஒன்றைப் போட்டுத் திறந்தே வையுங்கள். பூனை தானாகப் போய்ப் படுக்கும். தண்ணீர் ஏறியபின் பூனையைத் துரத்திப் பிடிக்க முயன்று கையெல்லாம் பிறாண்டல் வாங்கிக்கொண்டு வருபவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

மற்ற தவறான நம்பிக்கைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "வளைகுடாவில் பேரிடரே வராது" என்பார்கள். 2007 கோனு, 2021 ஷாஹீன் புயல்கள் ஓமானை அடித்தன. 2022 ஜூலையில் ஃபுஜைரா மூழ்கியது. இது பாலைவனம்தான், ஆனால் வாதி எனும் வறண்ட ஆற்றுப்படுகையில் வெள்ளம் வர ஒரு மணி நேரம் போதும். "பால்கனியில் விட்டால் போதும்" என்பது அடுத்தது. காற்றில் மிரண்டு குதிக்கும் பூனையின் தாடையும் நெஞ்சும் நொறுங்கும். பூனை எப்போதும் காலில்தான் விழும் என்று என்னிடம் சொல்லாதீர்கள். வெள்ளத்தில் நனைந்த பூனையை டெட்டால் போட்டுக் குளிப்பாட்டுகிறார்கள். அதிலுள்ள குளோரோசைலினால் பூனைக்கு நஞ்சு, சாதாரண ஷாம்பூவே போதும். காய்ச்சல் என்று பாரசிட்டமால் கொடுக்கவே கூடாது, அரை மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். தேங்கிய நீரை நாய் குடித்திருந்தால் எலிக்காய்ச்சல் வரலாம். சோர்வு, வாந்தி, மஞ்சள் கண் தெரிந்தால் அன்றே கொண்டுவாருங்கள்.

கரண்ட் போய் லிஃப்ட் நின்றால் என்ன செய்வது? 2024இல் ஷார்ஜாவில் பல கட்டிடங்களில் நாள்கணக்கில் அதுதான் நிலை. ஒரு வாரத் தீனி, குடிநீர், மருந்து, தடுப்பூசிப் புத்தகம் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். பெர்சியன் போன்ற சப்பை மூக்குப் பூனைகள் ஏசி இல்லாமல் சீக்கிரம் தவித்துப்போகும். ஈரத்துணி விரித்த தரையில் படுக்க வையுங்கள்.

இனி, கேட்டாலும் கேட்காவிட்டாலும் நான் எல்லோரிடமும் சொல்லும் ஒன்று: தோலுக்கடியில் போடும் அடையாள சிப். பலர் போட்டிருக்கிறார்கள். ஆனால் கம்பெனி மாறும்போது சிம் மாறுகிறது, சிப்புக்கு எதிரே பதிவான எண் மாறுவதில்லை. அந்த ஏப்ரல் மழைக்குப் பின் ஒரு டெலிவரிப் பையன் சாம்பல் நிறப் பூனை ஒன்றைத் தன் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தான். ஸ்கேனரை வைத்ததும் 15 இலக்க எண் வந்தது. பதிவிலிருந்த கைபேசிக்கு அழைத்தேன். எடுத்தவர் வாழ்நாளில் பூனையே வளர்த்ததில்லை. அந்த எண் அவர் கைக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

இந்த வாரமே உங்கள் கிளினிக்கை அழைத்து, பதிவில் எந்த எண் இருக்கிறது என்று கேளுங்கள். இங்கேயே இருக்கும் நண்பர் ஒருவரின் எண்ணையும் சேர்க்கச் சொல்லுங்கள். சாம்பல் பூனையின் சொந்தக்காரரைக் கண்டுபிடிக்க எங்களுக்குப் பத்தொன்பது நாள் ஆனது. அவர் குடியிருந்தது எங்கள் கிளினிக்கிலிருந்து இரண்டு கட்டிடம் தள்ளி.