ஆகாயம் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு தண்ணீர்க் கணக்கு

2024 ஒக்டோபர் 6 அன்று சென்னை மெரீனாவில் இந்திய விமானப்படையின் சாகசக் காட்சி பகல் 11 மணி முதல் 1 மணி வரைதான். ஆனால் காலையிலேயே சனம் வெயிலில் இடம்பிடித்திருந்தது. முடிந்த பிறகு வீதியும் ரயில் நிலையமும் நெரிந்து, வெளியேற வழியில்லை. அன்று ஐந்து பேர் உயிரிழந்தார்கள். 2021 மார்ச்சில் இலங்கை விமானப்படை தனது 70ஆவது ஆண்டுக் காட்சியை நடத்திய காலிமுகத்திடலும் அதே மாதிரி நிழலற்ற கடற்கரை வெளிதான். பனிச்சங்கேணியிலிருந்து குடும்பத்தோடு இப்படியொரு காட்சிக்குப் போவதென்றால், வீட்டுப் படி இறங்கியதிலிருந்து திரும்பி ஏறும்வரைக்கும் தண்ணீர்க் கணக்குப் போடுங்கள்.

1. முதல் நாள் இரவு: வளர்ந்தவர் ஒருவருக்கு இரண்டு லீற்றராவது கொதித்தாறிய தண்ணீர் எடுங்கள். பாதிப் போத்தல்களை முக்கால்வாசி மட்டும் நிரப்பி உறைய வையுங்கள். உறையும்போது தண்ணீர் விரியும். முழுக்க நிரப்பினால் போத்தல் வெடித்துவிடும். காலையில் மிச்சத்தை நிரப்பி, ஈரத் துவாயில் சுற்றிக்கொண்டு போங்கள்.

2. உப்பும் சீனியும்: பார்மசியில் ஜீவனி பக்கெட் வாங்கி, அதில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில் கரையுங்கள். கிடைக்காவிட்டால் ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீருக்கு மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. குவித்து அள்ளாதீர்கள். வாவிக்கரைக் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் இதற்கு வேண்டாம், உப்பு மிஞ்சிவிடும். கொஞ்சம் தேசிக்காய்ப் புளி விட்டால் பிள்ளைகள் முகம் சுளிக்காமல் குடிப்பார்கள். 24 மணித்தியாலத்துக்குப் பிறகு மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். பிரஷர், சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் முதலில் டொக்டரிடம் கேட்க வேண்டும்.

3. கொறிக்க: வெள்ளரிப்பிஞ்சும் வத்தகப்பழமும் கொண்டுபோங்கள். உப்புக் கச்சானும் மிக்சரும் தாகத்தைக் கூட்டி, சோடாவுக்கும் காசு கேட்கும்.

4. போய்ச் சேர்ந்ததும்: முதலில் மலசலகூடம் எங்கே என்று பாருங்கள். அது தெரியாததால்தான் பெண்கள் பலர் தண்ணீர் குடிக்காமலே பொறுத்திருக்கிறார்கள்.

5. குடிக்கும் முறை: தாகம் வரும்வரை பார்த்திராமல், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நாலைந்து மிடறு. எல்லாரும் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு மறந்துபோவார்கள். ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்து நினைவுபடுத்தட்டும்.

6. வாங்க வேண்டி வந்தால்: 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த உச்ச விலைப்படி அரை லீற்றர் 70 ரூபாய், ஐந்து லீற்றர் 350 ரூபாய். அதாவது பெரிய கேனில் ஒரு முழு லீற்றரே 70 ரூபாய்தான். நாலு பேர் சேர்ந்து கேன் வாங்கி, வெறும் போத்தல்களில் பிரித்துக்கொள்ளுங்கள். உச்ச விலைக்கு மேல் கேட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977க்குச் சொல்லலாம்.

7. கடைசிப் போத்தல்: ஆளுக்கொன்றைக் காட்சி முடியும்வரை திறக்காதீர்கள். கூட்டத்தில் அகப்பட்டு, பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தில் கடைக்கும் போக முடியாது. அவசரமில்லை என்றால் சனம் கலையும்வரை நிழலில் இருந்துவிட்டுக் கிளம்புங்கள்.

8. ஆபத்தென்றால்: தலைச்சுற்று, வாந்தி வந்தால் நிழலில் படுக்க வைத்து, ஜீவனியை மிடறு மிடறாகக் கொடுங்கள். பேச்சுத் தடுமாறினாலோ மயங்கினாலோ வாயில் எதையும் ஊற்றக்கூடாது. கழுத்திலும் கக்கத்திலும் ஈரத்துணி போட்டு விசிறியபடி, உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அழைப்பு இலவசம்.