சங்கத்துக் குமாஸ்தாவும் பஞ்சாயத்தாரின் தாக்ஷண்யமும்

1904-ம் வருஷத்துச் சட்டத்தின்கீழ் அக்காலத்துச் செங்கற்பட்டு ஜில்லாவிலுள்ள திரூரில் கடன் சங்கம் பதிவானது முதல், சென்னை மாகாணத்துக் கிராமச் சங்கங்கள் பலவற்றில் பணம் வாங்குவதும் கணக்கு எழுதுவதும் ஒருவர் கையிலேயே இருந்துவந்தன. எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஊரில் இரண்டொருவரே இருந்தமையால் வேறு வழியும் இல்லை. ஆகவே குமாஸ்தா தவறினாலும், ‘இவரை விட்டால் கணக்கு எழுத ஆள் ஏது?’ என்று பஞ்சாயத்தார் வாளாவிருந்தனர்.

அக்காலத்துச் சங்கம் ஒன்றை நினைத்துக்கொள்ளலாம். அறுவடை முடிந்து தை மாதத்தில் ஓர் அங்கத்தினர் 20 ரூபாய் தவணை செலுத்துகிறார். ரசீது புஸ்தகம் வீட்டிலிருக்கிறது, நாளைக்குத் தருகிறேன் என்கிறார் குமாஸ்தா. அத்தொகை அன்றைய நாள்வழியில் ஏறவில்லை. பிரசிடெண்டுக்கு இது தெரியும். ஆனால் குமாஸ்தா அவருக்குப் பங்காளி. அவர் பிள்ளைக்கு எழுத்தறிவித்தவருங்கூட. எப்படிக் கேட்பது? சித்திரையில் குமாஸ்தாவின் மகளுக்குக் கலியாணம். ஆடிக்குள் திருப்பி வைத்துவிடலாமென்று எண்ணிச் சங்கப் பணத்தில் 50 ரூபாய் எடுக்கிறார். ஆடியில் வைக்க முடியவில்லை. தை மாதத்திலேயே ‘ரசீது எங்கே?’ என்று ஒருவர் கேட்டிருந்தால், சிறிது மனஸ்தாபத்தோடு அவர் தப்பியிருப்பார். கேளாதொழிந்ததால் குற்றவாளியானார். இத்தகையவரைக் கண்டிக்காமல் வைத்திருப்பது அவருக்குச் செய்யும் உபகாரமென்று எண்ணுவது பிழை.

நஷ்டமும் அவரோடு நிற்பதன்று. அந்நாளைக் கிராமச் சங்கங்களில் அங்கத்தினர் பொறுப்பு வரையறையற்றது. சங்கத்துச் சொத்து கடனுக்குப் போதாவிடில், ஒரு காசும் கடன் வாங்காத குடியானவரின் நிலமும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. நிர்வாகிகளின் அசட்டையால் நேர்ந்த குறைவை அவர்களிடமே வசூலிக்க 1932-ம் வருஷத்துச் சென்னைக் கூட்டுறவுச் சட்டம் இடமளித்தது. 1983-ம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டத்தின் 87-வது பிரிவும் அவ்வாறே.

எல்லாத் தவறும் ஒன்றல்ல. நாள்வழி எழுதத் தெரியாமல் தடுமாறுபவருக்குக் கற்பித்தால் போதும். சம்பளத்தை ஆறு மாதம் பாக்கி வைத்துவிட்டு ஒழுங்கை எதிர்பார்க்கும் சங்கத்தில், முதலில் திருந்தவேண்டியவர் குமாஸ்தா அல்லர். கற்பித்தும், சம்பளம் சரிவரக் கிடைத்தும் ரசீதைத் தாமதிப்பவர் விஷயம் வேறு. அவருடைய குறையைத் தேதியோடு எழுத்துமூலம் தெரிவித்து, அவர் சொல்லும் சமாதானத்தையும் கேட்டுத் தீர்மானப் புஸ்தகத்தில் பதிந்து, திருந்துவதற்குத் தவணை கொடுக்கவேண்டும். அத்தவணைக் காலத்தில் ரொக்கப் பெட்டியின் சாவி வேறொருவரிடம் இருப்பது அவசியம்.

திருந்தாவிடில் விலக்கவேண்டியதே. ஆனால் கோபத்தில் ‘நாளை முதல் வரவேண்டாம்’ என்று சொல்லி அனுப்பிவிடலாகாது; அவரோடு கணக்கும் போய்விடும். பஞ்சாயத்தார் இருவராவது உடனிருந்து கைவசமுள்ள ரொக்கத்தை எண்ணி, கடன் பத்திரங்களைச் சரிபார்த்து, ஜாபிதாவில் அவரது கையொப்பம் பெறவேண்டும். பிறகு அங்கத்தினரின் பாஸ் புஸ்தகங்களை வரவழைத்துப் பேரேட்டோடு ஒத்துப்பார்க்கவேண்டும். மறைந்த தொகைகள் அங்கேதான் வெளிப்படும். எழுதியதும் எழுதாததுமான ரசீது புஸ்தகங்களை இலக்கவாரியாகத் திரும்பப் பெறுவதைப் பலர் மறந்துவிடுகின்றனர். வெற்று ரசீது ஒன்று தங்கிவிட்டாலும், விலகிய பின்னரும் அவர் சங்கத்தின் பேரால் பணம் வாங்கக்கூடும். அன்றே சங்க வாசலில் விளம்பரம் ஒட்டிவிடவேண்டும்.