சுவரில் எழுதிய தேதி

அன்புள்ள கயல்,

"டி.டி.டி. பவுடரைக் கட்டில் சந்துல தூவிட்டு அது மேலயே படுத்தீங்களாமே தாத்தா, பயமா இல்லையா?" என்று கேட்டிருக்கிறாய். பயம் இருந்தது, மூட்டைப்பூச்சியிடம்.

மலேரியாக்காரர் வருகிறார் என்றால் அம்மா பானை, பாய் எல்லாவற்றையும் வாசலில் எடுத்து வைப்பாள். அவர் பம்பால் சுவர் முழுக்க அதே டி.டி.டி.யை அடித்துவிட்டு, நிலைப்படி ஓரம் தேதி எழுதிவிட்டுப் போவார். காய்ந்ததும் சுவரில் வெள்ளையாகப் படிந்திருக்கும். நாங்கள் அதில் விரலால் பெயர் எழுதுவோம். குளிர்க்காய்ச்சலில் தூக்கிப்போடுகிற பிள்ளையை நாலு போர்வை போட்டு அமுக்கிப் பிடித்த கைகளுக்கு அந்த வெள்ளை விஷமாகத் தெரியுமா?

விவரம் தெரியாதவர்கள் என்று சொல்லிவிடாதே. டி.டி.டி. பூச்சியைக் கொல்லும் என்று கண்டறிந்த பால் முல்லருக்கு 1948இல் மருத்துவ நோபலே கொடுத்தார்கள். 1962இல் ரேச்சல் கார்சனின் 'சைலண்ட் ஸ்பிரிங்' புத்தகம் வந்தது. மருந்து உடற்கொழுப்பில் தங்கி, மீனிலிருந்து பறவைக்கு ஏறுகிறது என்று ஊருக்கே தெரிந்தது. கழுகின் முட்டை ஓடு மெலிந்து அடைகாக்கும்போதே நொறுங்குவதைப் பிறகு கண்டார்கள். 1972இல் அமெரிக்கா தடை போட்டது. இதில் ஒன்றைக் கவனி: அந்த நாட்டில் மலேரியா 1951லேயே ஒழிந்துவிட்டிருந்தது. காய்ச்சலை மறந்த வீட்டில்தான் கழுகைப் பற்றி யோசிக்க இடம் கிடைத்தது. யோசித்தது சரிதான்.

இலங்கைக் கதை வேறு. 1963இல் அங்கே மலேரியா கண்டது வெறும் 17 பேருக்கு. இனி எதற்குச் செலவு என்று மருந்தடிப்பதை நிறுத்தினார்கள். 1968, 69இல் லட்சக்கணக்கானோர் படுத்துவிட்டார்கள். கார்சனைப் படித்துப் பயந்து நிறுத்தினார்கள் என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள், அது கட்டுக்கதை. காய்ச்சல் மேல் இருந்த பயம் விட்டுப்போனதுதான் காரணம். திரும்ப அடிக்க வந்தால் கொசுவுக்கு அந்த மருந்து பழகிவிட்டிருந்தது. பிறகு மாலத்தியான் என்ற வேறு மருந்துக்கு மாறினார்கள்.

நம் நாட்டில் 1989இல் வயலுக்கு டி.டி.டி.யைத் தடை செய்தார்கள், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்க மட்டும் விட்டுவைத்தார்கள்.

என்னைக் கேட்டாய் அல்லவா? உன் அறையில் ராத்திரி முழுக்கப் பிளக்கில் எரிகிறதே கொசு மருந்து, அந்தப் பாட்டிலைத் திருப்பு. உள்ளே என்ன மருந்து, எத்தனை சதவீதம் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். படித்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
தாத்தா